பம்பை மேல் போட்ட பழி

ஆடிக்கொண்டிருந்த பாலத்தில் ஓவர்சியர் தவழ்ந்து போய், கைப்பிடிக் கம்பிகளில் கட்டியிருந்த மூங்கில் தட்டிகளைக் கொடுவாளால் அறுத்து ஆற்றில் தள்ளியது நன்றாக நினைவிருக்கிறது. அறுபதுகளின் கடைசி, ஆடி மாதம். நான் தருமபுரியிலிருந்து ஒரு பத்திரிகைக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன்.

பாப்பிரெட்டிப்பட்டிக்கு அப்பால், சித்தேரி மலையிலிருந்து இறங்கும் ஆற்றின் மேல் ஆட்கள் நடக்க அவர் கட்டிய தொங்குபாலம் அது. கீழே ஓடும் தண்ணீரைக் கண்டு ஆடுகள் மிரண்டதால், ஊர்க்காரர்கள் இருபக்கமும் இடுப்பளவுக்குத் தட்டி அடைத்திருந்தார்கள். அவரும் நல்லதுதானே என்று விட்டுவிட்டார். ஒருநாள் பம்பை மேளக் குழு அடித்துக்கொண்டே வந்தபோது, ஈரத்துணியைப் பிழிவதுபோலப் பாலம் முறுக்கிக்கொண்டது. குழு தப்பித்துக் கரையேறியது. இனிப் பாலத்தில் பம்பை கூடாது என்றார் ஓவர்சியர். திருவிழாவுக்கு மாரியம்மன் கரகம் அக்கரையிலிருந்துதான் வரவேண்டும். பம்பை இல்லாமல் கரகம் வந்ததாக அந்த ஊரில் யாரும் கேள்விப்பட்டதில்லை.

ஓவர்சியர் படிக்கிறவர். அமெரிக்காவில் டகோமா என்ற இடத்தில் ஒரு பெரிய தொங்குபாலம் காற்றில் ஆடியே விழுந்த கதையைச் சொன்னார். ஊஞ்சலை அதன் போக்கறிந்து தள்ளத் தள்ள உயரப் போவதுபோல, பாலத்தின் தாளத்துக்கே காற்று தள்ளியதாம். இங்கே அந்த வேலையைப் பம்பை செய்ததாம். அப்படியே எழுதி அனுப்பினேன்.

செய்தி வந்த அன்று, குழுவின் மூத்த பம்பைக்காரர் எங்கள் இருவரையும் பாலத்தருகே மடக்கினார்.

"நாங்க அடிச்சுத்தான் ஆடுச்சுங்களா? இப்ப யாருங்க அடிக்கறது? பேப்பர்காரருங்களா?"

பாலத்தில் ஆளே இல்லை. காற்றில் முறுக்கி முறுக்கி ஆடிக்கொண்டிருந்தது.

"காத்து தாளத்துல தள்ளுதுங்க" என்றார் ஓவர்சியர், குரல் இறங்கி.

பம்பைக்காரர் கண்ணை மூடிக் காற்றின் சத்தத்தைக் கேட்டார். "முப்பது வருசமா அடிக்கறனுங்க. இதுல ஏதுங்க தாளம்? ஒரே இழுப்பா இழுக்குது. தாளம் போடறது உங்க பாலந்தானுங்க."

ஓவர்சியர் தட்டிகளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகுதான் கொடுவாள் கேட்டார். பாதித் தட்டி போனதும் முறுக்கல் அடங்கியது. ஆடுகளுக்காகப் பிறகு கயிற்று வலை கட்டினார்கள்.

காற்று புகுந்து போக வழியில்லாத சுவர் அந்தத் தட்டி என்று அன்று மாலை விளக்கினார். பாலம் துளி சாய்ந்தாலும் காற்று அதை இன்னும் சாய்க்கும். கம்பி திருப்பி இழுத்தால் மறுபக்கம் சாய்க்கும். அசைவைப் பாலமே உண்டாக்கிக்கொள்கிறது. காற்று அதற்குத் தீனி போடுகிறது. டகோமா பாலத்தின் பக்கங்களும் அடைத்த இரும்புத் தகடுகள்தான். படித்திருந்தும் உறைக்கவில்லை என்று தலையில் தட்டிக்கொண்டார். ஊஞ்சல் கதையை இன்றும் சில புத்தகங்களில் பார்க்கிறேன். என் திருத்தம் மூன்று வரி வந்தது, அதுவும் கடைசிப் பக்கத்தில்.

திருவிழா அன்று பாலத்தின் நடுவில் போய் நின்றுகொண்டார் ஓவர்சியர். "அடிங்க. வுழுந்தா நானும் வுழறேன்."

கரகம் வந்தது. பாலம் லேசாக ஏறி இறங்கியது, முறுக்கவில்லை. பம்பைக்காரர் அவர் எதிரில் நின்று வேகத்தைக் கூட்டினார்.

"ஏனுங்க, பாலம் சும்மாதான நிக்குது? உங்க காலு எதுக்குங்க ஆடுது?"