மூன்றாவது பெடல்

கியர் ஆயிலின் நாற்றம் எத்தனை துவைத்தும் அந்தச் சேலையை விட்டுப் போகவில்லை. தென்காசி ஒர்க்‌ஷாப்பில் எங்கள் பழைய காரின் கியர்பாக்ஸைத் திறந்த அன்று, பக்கத்தில் நிற்கவேண்டாம் என்று மெக்கானிக் சொல்லத்தான் செய்தார். நான் நின்றேன். உள்ளேயிருந்து தார் மாதிரி வழிந்தது. அப்பா போனபிறகு அந்த வண்டியை எடுத்துச் சுற்றிய என் அண்ணன் ஒருதடவைகூட ஆயில் மாற்றவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. அருவருப்பாக இருந்தது. ஆயிலைப் பார்த்து மட்டும் அல்ல.

ஸ்கூட்டரிலிருந்து விழுந்ததில் என் இடது முழங்கால் நொறுங்கிப்போனது. கம்பு ஊன்றி நடப்பேன், ஆனால் அந்தக் காலால் எதையும் அழுத்த முடியாது. வீடு மேலகரத்தில், நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடம் இலஞ்சியில். அண்ணன் பைக்கில் கொண்டுவிடுவான். கொண்டுவிட்டதை ஊரெல்லாம் சொல்லவும் செய்வான். "இவள விட்டுட்டு வாரதுக்குள்ள எனக்கு பொழுதே போயிருது" என்று இலஞ்சி டீக்கடையில் அவன் சொன்னது எங்கள் ஆசிரியர் அறை வரைக்கும் வந்து சேரும். கேட்கக் கேட்க உடம்பு கூசும். இனி ஒருத்தன் முதுகைப் பிடித்துக்கொண்டு வேலைக்குப் போகக்கூடாது, நானே ஓட்டிப் போகவேண்டும். அதற்காகத்தான் அப்பா என் பேருக்கு எழுதிவைத்த அந்தக் காரை கரண்ட் வண்டியாக மாற்றத் துணிந்தேன்.

எஞ்சினை இறக்கிவிட்டு மோட்டார் வைப்பது என்று முடிவானதும், கியர்பாக்ஸை என்ன செய்வது என்று ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். காயலான் கடையில் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் கிடக்கும், தூக்கி மாட்டு என்றான் அண்ணன். அது எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தால்தான் ஒழுங்காக வேலை செய்யும். மோட்டார் நின்றால் உள்ளே ஆயில் பிரஷரும் போய்விடும் என்று மெக்கானிக் தள்ளிவிட்டார். கரண்ட் ஆட்டோவின் ஒற்றை கியர் பெட்டி இந்தக் கனத்தை ஐந்தருவி ஏற்றத்தில் இழுக்காது. கடைசியில் இருக்கிற கியர்பாக்ஸே போதும் என்று வந்தது. சக்கரங்களுக்குப் போகும் தண்டுகள் அதிலிருந்துதானே கிளம்புகின்றன. கிளட்சை மட்டும் தூக்கி எறிந்துவிட வேண்டும். லேத்தில் கடைந்த ஒரு கப்ளிங், மோட்டார் தண்டையும் கியர்பாக்ஸ் தண்டையும் நேராகப் பிடித்துக்கொள்ளும். கியரை இரண்டாவதில் போட்டு அப்படியே விட்டுவிடலாம். வண்டி நின்றால் மோட்டாரும் நின்றுவிடும், எதையும் மிதித்துப் பிரிக்கவேண்டியதில்லை. பின்னால் போக ஒரு ஸ்விட்ச். இடது காலுக்கு வேலையே கிடையாது.

"புரிஞ்சிட்டு டீச்சர், ரெண்டே பெடல்தான்" என்றார் மெக்கானிக்.

வண்டி ரெடி என்று போன் வந்த அன்று அண்ணனும் கூடவே வந்தான். கதவைத் திறந்து குனிந்து பார்த்தேன். மூன்று பெடல் இருந்தது.

"என்ன அண்ணாச்சி இது?"

மெக்கானிக் கை துடைக்கிற அழுக்குத் துணியையே பார்த்துக்கொண்டு சொன்னார்: "ஒங்க அண்ணன்தான் போன் போட்டு கிளட்ச் இருக்கட்டும்னு சொன்னாவ. ஓட்டப்போறதும் அவியதானாமே. நீங்க எங்க ஓட்டப் போறியன்னு..."

அண்ணன் சிரித்தான். "கியரு மாத்தாம ஓட்டுனா அது என்ன வண்டிட்டி? கிளட்ச மிதிச்சு எடுத்தாத்தான் ஆம்பளைக்கு வண்டி ஓட்டுன மாதிரி இருக்கும். ஒனக்கு எங்க போணுமோ சொல்லு, நான் கொண்டுவிடுதேன்."

அந்தச் சிரிப்பை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. என் வண்டி, என் கால், என் வேலை. அதில் எனக்கு என்ன வேண்டும் என்பதை இரண்டு ஆண்கள் போனிலேயே பேசி முடித்துவிட்டார்கள்.

ஐந்தருவி வரை போய் வரலாம் என்று என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து அவனே ஓட்டினான். அருவி சீசன் நேரம். ரோட்டோரம் முழுக்க ஷாம்பூ கவரும் எச்சில் இலையும்; ஈரத்துணியை நடுரோட்டில் பிழிந்துகொண்டு ஜனம். ஏறும்போது தேவையே இல்லாமல் கியரை மாற்றி மாற்றிப் போட்டான். இறங்கும்போது நியூட்ரலில் தள்ளினான். எங்கள் பக்கத்தில் இறக்கம் வந்தால் எல்லாரும் அப்படித்தான், பெட்ரோல் மிச்சமாம்.

"பாத்தியா, சார்ஜ் மிச்சம்" என்றான்.

கியரில் விட்டிருந்தால் இறக்கத்தில் மோட்டாரே வண்டியை இழுத்துப் பிடித்து பேட்டரிக்குத் திருப்பி சார்ஜ் ஏற்றியிருக்கும். மிச்சம் பிடிப்பதாக நினைத்துக்கொண்டு, வரவேண்டியதை வழியெல்லாம் கொட்டிக்கொண்டு வந்தான். சொன்னேன்.

"நீ சும்மா இருட்டி. எனக்குத் தெரியாத வண்டியா?"

அருவியில் குளிக்கத் தலையில் எண்ணெய் வழியக் குறுக்கே வந்த ஒருவரைக் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டே பிரேக்கை அழுத்தினான். தீய்ந்த வாடை வந்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஒர்க்‌ஷாப்புக்குத் திரும்பியதும் சாவியை வாங்கி மெக்கானிக் கையில் கொடுத்தேன். "கிளட்ச கழட்டுங்க."

"திரும்பவும் கியர்பாக்ஸ இறக்கணும் டீச்சர். கப்ளிங் புதுசா கடையணும். எதுக்கும் அண்ணன்ட்ட ஒரு வார்த்த..."

"ஆர்.சி. புக்குல யாரு பேரு இருக்கு அண்ணாச்சி?"

அவர் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு, வேலை முடியும்வரை தினமும் ஆட்டோ பிடித்துப் போய் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். அந்த நாற்றம், அந்தப் பிசுக்கு, போகிற வருகிறவர்களின் பார்வை எல்லாவற்றையும் சகித்துக்கொண்டேன். அந்தப் பெடல் கழன்று சிமெண்டுத் தரையில் விழுந்தபோது கை தட்டலாமா என்றுகூட நினைத்தேன்.

ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு நடையாய் நடந்து எல்லாவற்றையும் பதிந்தபிறகு நானே ஓட்ட ஆரம்பித்தேன். அண்ணன் அந்தக் காருக்குப் "பொம்பள வண்டி" என்று பேர் வைத்தான். டீக்கடையிலும் அதுவே பேராகிப்போனது. நல்லதாகப் போயிற்று, அதன்பிறகு எந்த ஆம்பளையும் இரவல் கேட்டு வரவில்லை.

போன மாதம் மழையில் அண்ணனின் பைக் மேலகரத்தில் நின்றுபோனது. இலஞ்சிக்கு அவசரமாகப் போகவேண்டும் என்று என் வண்டியில் ஏறினான். ஒவ்வொரு வளைவிலும் அவனுடைய இடது கால் கிளட்சை மிதிப்பது மாதிரி வெறும் தரையை அழுத்திக்கொண்டே வந்தது. பார்த்தும் பார்க்காத மாதிரி ஓட்டினேன். இலஞ்சி நெருங்கியதும் ஜன்னல் வழியே முன்னால் எட்டிப் பார்த்தான். டீக்கடையில் அவன் கூட்டாளிகள் உட்கார்ந்திருந்தார்கள்.

"இங்கனயே இறக்கி விட்ரு. நான் நடந்துக்கிடுதேன்."

"மழை பெய்யுதுல்லா" என்றேன்.

நேரே டீக்கடை வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன். எல்லாரும் திரும்பிப் பார்க்கட்டும் என்று ஹாரனையும் அழுத்தினேன்.