ஹேனாவோ தணிந்து பேசிய நாள்

ஹேனாவோவுக்குக் கோபம் வந்தால் கடலே இறங்கிப்போகும் என்று கடலுக்குள் கால் நட்டு நிற்கிற எங்கள் வீட்டு வரிசையில் கேலி பேசுவார்கள். பேசுகிறவர்கள் அவள் வீட்டிலிருந்து எட்டு வீடு தள்ளி நின்றுதான் பேசுவார்கள். ஐம்பத்தெட்டு வயது, ஒல்லியான உடம்பு. அந்த உடம்புக்குள் அவ்வளவு பெரிய குரல் எங்கே குடியிருக்கிறது என்பது இன்றுவரை யாருக்கும் பிடிபடவில்லை.

விடியுமுன் எழுந்து மாவு பிசைந்து, உருண்டை பொரித்து, முதல் பஸ் வருவதற்குள் எங்கள் ஹனுவாபாடா ஊரின் பஸ் நிறுத்தத்தில் கூடையோடு உட்கார்ந்துவிடுகிறவள் அவள். ஆகவே அவளுக்குத் தூக்கம் முக்கியம். அடுத்த வீட்டு டிகானா குடும்பத்துக்கு, பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஃபுட்பால் முக்கியம். இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு பலகைப் பாதை, அதற்குக் கீழே கடல். முப்பது வருஷச் சண்டைக்கு வேறென்ன வேண்டும்?

வருஷத்தில் மூன்று புதன்கிழமை, கடலுக்கு அந்தப் பக்கத்து ஆஸ்திரேலியாக்காரர்களின் இரண்டு மாநிலங்கள் மோதிக்கொள்ளும். ஒன்று நீலம், இன்னொன்று மரூன். மோதுவது அவர்கள், மண்டை உடைவது நமக்கு. நீலமா மரூனா என்று விசாரித்துவிட்டுத்தான் எங்கள் ஊரில் பெண்ணே கேட்பார்கள். டிகானாவின் வீடு மரூன் வீடு. மரூன்காரன் பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு கோட்டைத் தாண்டி விழுந்தானென்றால் அந்த வீட்டில் எழுகிற சத்தத்தை நான் எப்படிச் சொல்ல! நாற்பது பேர் ஒரே நேரத்தில் குதிப்பார்கள். வீட்டைத் தாங்குகிற கால்கள் தண்ணீருக்குள் கிடுகிடுக்கும். பெண்கள் பானையையும் தகரத்தையும் அடிப்பார்கள். ஒருவன் இறங்கிப்போய்ப் படகு எஞ்சினை முடுக்கிவிடுவான், எங்கும் போவதற்கல்ல, சும்மா அலறட்டும் என்று. பிள்ளைகள் தொப்புத் தொப்பென்று கடலில் குதிக்கும். மனிதத் தொண்டைக்கு இவ்வளவு தெம்பா என்று எனக்கு ஒவ்வொரு தடவையும் மலைப்பாக இருக்கும்.

அத்தனை சத்தத்தையும் பிளந்துகொண்டு ஹேனாவோவின் குரல் வரும். முப்பது வருஷமாக ஒரு மேட்சைக்கூட அவள் சும்மா விட்டதில்லை. ஜன்னலைத் திறந்து டிகானாவின் மூன்று தலைமுறையையும் வரிசைப்படுத்தித் திட்டுவாள். அவர்கள் சிரிப்பார்கள், இன்னும் கத்துவார்கள். அவள் புருஷன் மொரேயா துறைமுகத்தில் கப்பல் கட்டிய மனுஷன், அவரும் மரூன். தன் டிவி முன்னால் உட்கார்ந்து, பெண்டாட்டி திட்டுவதையும் மேட்சையும் சேர்த்து ரசிப்பார்.

இந்த வருஷம் ஈஸ்டர் முடிந்த கையோடு மொரேயா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பலகைப் பாதையிலேயே உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து பிழைத்து வந்தார், வந்ததே பெரிய விஷயம். திரும்பி வந்தவர் பாதி ஆளாக இருந்தார். படபடப்பு கூடவே கூடாது, நல்ல தூக்கம் வேண்டும், இன்னொரு தடவை வந்தால் இதயம் தாங்காது என்று டாக்டர் ஹேனாவோவிடம் தனியாகச் சொல்லி அனுப்பினார். அன்றிலிருந்து அவள் புருஷனின் மூச்சைக் கேட்டுக்கொண்டேதான் தூங்கினாள்.

முதல் மேட்ச் புதன்கிழமை வந்தது. காலையிலிருந்தே ஹேனாவோ டிகானா வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். டிகானா வீட்டுச் சத்தம் இந்த மனுஷனைக் கொன்றுவிடும் என்று நிச்சயமாக நம்பினாள். திட்டினால் அவர்கள் அடங்க மாட்டார்கள், அது முப்பது வருஷமாகத் தெரிந்த விஷயம். எனவே வாழ்க்கையில் முதல் தடவையாக வேறு மாதிரி செய்து பார்த்தாள். மத்தியானம் மொரேயா கண்ணயர்ந்ததும், மேட்ச் பார்த்து அவர் படபடக்கக் கூடாதென்று தன் வீட்டு டிவியைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு பாதையைத் தாண்டி டிகானாவின் பெண்டாட்டி கோனியோவிடம் போனாள்.

கோனியோ மீன் கழுவிக்கொண்டிருந்தாள். ஹேனாவோ வருவதைப் பார்த்ததும் சண்டைக்குத் தயாராக இடுப்பில் கை வைத்தாள்.

"என்னக்கா, மேட்சே ஆரம்பிக்கல, அதுக்குள்ள வந்துட்டியே! இந்தத் தடவ முன்பணமா திட்டிட்டுப் போகப்போறியா?"

"இல்லடி கோனியோ." ஹேனாவோ டிவியைக் கீழே வைத்தாள். "இத நீங்களே வெச்சுக்கங்க. இனிமே அவருக்கு எதுக்கு?"

கோனியோவின் கை இடுப்பிலிருந்து இறங்கியது.

"அண்ணனுக்கு எப்படிக்கா இருக்கு?"

"இருக்காரு. ராத்திரி கொஞ்சம் சத்தம் போடாம இருங்கம்மா. உன்னக் கெஞ்சிக் கேட்டுக்கறேன். இன்னைக்கு மட்டும்."

சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தாள். காரியம் இவ்வளவு சுலபமா என்று அவளுக்கே வியப்பு. கோனியோ மீனை அப்படியே போட்டுவிட்டு நின்றதையோ, கண்ணைத் துடைத்துக்கொண்டதையோ அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

எங்கள் ஊரில் ஒரு உயிர் போகப்போகிறது என்றால் அந்த வரிசை முழுக்க வாயை மூடும். ரேடியோ அணையும், பிள்ளைகளை அதட்டிக் கரைக்கு அனுப்புவார்கள், உறவுக்காரர்கள் துக்கச் சாப்பாட்டுக்கு அரிசியும் வாழைத்தாருமாக வந்து பலகைப் பாதையில் பேசாமல் உட்காருவார்கள். உயிர் போனபிறகுதான் அழுகையும் பாட்டும். இதெல்லாம் ஹேனாவோவுக்குத் தெரியாததா? அவள் பிறந்ததே இந்தத் தண்ணீருக்கு மேல்தான். ஆனால் அன்றைக்கு அவள் புத்தி முழுக்க அந்த மனுஷனின் நெஞ்சிலேயே இருந்தது. போகிறவரின் பொருளைக் கொடுத்துவிட்டு, அமைதி கேட்டுவிட்டு வந்திருக்கிறோம் என்பது அவளுக்கு உறைக்கவேயில்லை. அதுவும் யார் கேட்டது? ஹேனாவோ! ஹேனாவோ தணிந்து பேசினாள் என்ற ஒரு சேதியே வரிசையின் அந்தக் கோடிவரை எல்லாரையும் கலங்கடித்துவிட்டது.

சாயங்காலம் ஆட்கள் வந்தார்கள். டிகானாவின் தம்பிகள், கரையோர ஊர்களிலிருந்து சித்தப்பா பெரியப்பா மக்கள், ஒருவர் தோளில் அரிசி மூட்டை, ஒருவர் கையில் வாழைத்தார். மேட்ச் பார்க்க வருகிறார்கள் என்று ஹேனாவோ நினைத்தாள். இருட்டியது. மேட்ச் ஆரம்பிக்கிற நேரமும் வந்தது. ஒரு சத்தமில்லை. வரிசையில் ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. வீட்டுக் கால்களில் தண்ணீர் மோதுவது கேட்டது. அந்த வீட்டில் குடியேறிய நாளிலிருந்து ஒரு மேட்ச் இரவில் தண்ணீர்ச் சத்தத்தை அவள் கேட்டதே கிடையாது. ஒரு நல்ல வார்த்தைக்கு இத்தனை பேர் கட்டுப்படுவார்களா என்று பிரமித்துப்போய், புருஷன் கட்டிலுக்குப் பக்கத்தில் பாயை விரித்துப் படுத்தாள்.

"ஹேனாவோ."

"தூங்கலயா நீ?"

"இன்னைக்குப் புதன்கிழமைதானே?"

"ஆமா. கண்ண மூடு."

"மேட்ச் நடந்துக்கிட்டிருக்கணும்." மொரேயா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "டாக்டர் உங்கிட்ட என்ன சொன்னாரு? உள்ளதச் சொல்லு."

"சத்தம் ஆகாதுன்னாரு. நல்லாத் தூங்கணும்னாரு. வேறென்ன சொல்வாரு?"

"பொய் சொல்லாத. பாதையில கால் சத்தம் கேக்குது, பேச்சுச் சத்தம் கேக்கல. எங்கப்பா போன அன்னைக்கும் இப்படித்தான் இருந்துச்சு." அவர் குரலில் கோபம்கூட இல்லை. "நான் போகப்போறது என்னைத் தவிர எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. நீயாவது சொல்லியிருக்கலாம்டி."

ஹேனாவோவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஐயோ, அப்படியெல்லாம் இல்லய்யா, நான்தான் போய்..." என்று ஆரம்பித்தாள். அவர் கேட்டால்தானே! பொறுமையாக அவள் கையைத் தட்டிக்கொடுத்தார், குழந்தைக்குத் தட்டுவதுபோல. பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவர் விரல் சில்லிட்டிருந்தது. மூச்சு மெதுவாகிக்கொண்டே போனது. அப்படிச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவர்களை எங்கள் ஊர் பார்த்திருக்கிறது. டாக்டர் கைவிடாத ஆளைக்கூட அது கொண்டுபோய்விடும். வரிசையே சொன்னபிறகு ஒரு மனுஷன் எப்படி நம்பாமல் இருப்பான்?

அவள் எழுந்து கதவைத் திறந்தாள். திறந்தவள் அப்படியே நின்றாள்.

பாதை நெடுக ஜனம் உட்கார்ந்திருந்தது. பெண்கள் தலையில் துணி போட்டிருந்தார்கள். டிகானா வீட்டுத் திண்ணையில் டிவி ஓடிக்கொண்டிருந்தது, சத்தமே இல்லாமல். அவள் கொடுத்த அதே டிவி. நாற்பது முகங்களில் அதன் வெளிச்சம் விழுந்திருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு மரூன்காரன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடினான், ஓடினான், கோட்டைத் தாண்டி விழுந்தான். நாற்பது பேரும் எழுந்தார்கள். கைகள் வானத்துக்குப் போயின. வாய்கள் ஆவென்று திறந்தன. ஒன்றிலிருந்தும் சத்தம் வரவில்லை. டிகானா துண்டை வாயில் திணித்துக் கடித்துக்கொண்டிருந்தான், கழுத்து நரம்பு புடைத்து நின்றது. ஒரு கிழவர் பக்கத்தில் இருந்தவனைக் கட்டிப்பிடித்துத் தேம்பினார், தேம்பலையும் விழுங்கினார். குதித்தால் பலகை அதிரும் என்று ஒருவன் ஏணியில் ஒவ்வொரு படியாக இறங்கி, தண்ணீர் சலசலக்காமல் கழுத்துவரை அமிழ்ந்து, அங்கே போய் இரண்டு கையையும் ஆட்டினான்.

இவர்களையா முப்பது வருஷம் திட்டினோம்? தன் புருஷனுக்காக, அந்தச் சந்தோஷத்தை மென்று விழுங்கிக்கொண்டிருக்கிறார்களே! சர்ச்சில்கூட அவள் இப்படி நடுங்கிப்போய் நின்றதில்லை.

கோனியோ எழுந்து வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். காதோடு கேட்டாள், "முடிஞ்சிடுச்சாக்கா?"

"ஒண்ணும் முடியல. அவரு உயிரோட இருக்காரு. கத்துங்கடி."

"என்னக்கா?"

"கத்தச் சொல்றேன். எப்பவும் போல கத்துங்க. தகரத்த அடிங்க."

கோனியோ அவள் கன்னத்தைத் தடவினாள். திரும்பி மற்றவர்களைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். "பாவம், துக்கத்துல என்ன பேசறோம்னு தெரியல" என்று யாரோ முணுமுணுத்தார்கள். ஒரு பெண் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். ஹேனாவோ ஒவ்வொருவரிடமும் கெஞ்சினாள். அவள் கெஞ்சக் கெஞ்ச அவர்கள் முகம் இன்னும் இருண்டது. கெஞ்சுகிற ஹேனாவோவை யார் நம்புவார்கள்?

உள்ளே அவர் மூச்சு எப்படி இருக்கிறதோ என்று கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். சத்தம் எழுந்தால் டாக்டர் சொன்னது நடந்துவிடுமோ என்ற பயம் ஒரு பக்கம். அமைதி நீடித்தால் விடிவதற்குள் அவர் போய்விடுவார் என்பது இன்னொரு பக்கம். எல்லாம் ஒரு கணம்தான். பிறகு தண்ணீர்க் குவளையைப் பிடுங்கிக் கடலில் வீசினாள்.

"டேய் டிகானா! துண்டையாடா தின்னுக்கிட்டிருக்க, அழுகின நண்டுத் தலையா! என் வீட்டு டிவிய ஓசியில பாத்துக்கிட்டு, என் புருஷனுக்கே எழவு காக்கறியா? உங்கப்பன் ஓட்டை வலையில மீன் புடிச்ச பய, நீ அதுலயும் கேடு! ஏ கோனியோ, அரிசி மூட்டைய யாரக் கேட்டுடி எறக்கின? எடுத்துட்டுப் போங்க எல்லாரும்! நாறப்பய கூட்டம்!"

டிகானாவின் வாயிலிருந்து துண்டு விழுந்தது.

"அக்கா திட்டுது" என்றான் மெல்ல. பிறகு தொண்டை உடைந்து, "டேய், அக்கா திட்டுதுடா! அண்ணனுக்கு ஒண்ணுமில்லடா!"

அப்போது எழுந்தது பாருங்கள் ஒரு சத்தம்! அடக்கிவைத்த அத்தனையும் ஒரே மூச்சில் வெளியே வந்தது. மேட்சுக்காகக் கத்தினார்களா, மொரேயாவுக்காகக் கத்தினார்களா என்று பிரித்துச் சொல்ல முடியாது. துக்கத்துக்குப் போட்ட தலைத்துணியெல்லாம் வானத்தில் பறந்தது. எதிர்ப்பக்கத்து நீலக்காரர்கள் தோற்றுக்கொண்டிருந்தும் தகரத்தை அடித்தார்கள். வரிசை தாண்டி, விரிகுடா தாண்டி, நங்கூரம் போட்டிருந்த கப்பல் ஒன்று ஊதல் கொடுத்தது.

ஹேனாவோ உள்ளே ஓடினாள். மொரேயா கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தார், கால் இரண்டும் தரையில். வீடே ஆடிக்கொண்டிருந்தது. அவள் அவர் நெஞ்சில் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். திடும் திடுமென்று அடித்தது. அது அவர் இதயமா, டிகானா வீட்டுத் தரையா என்று அவளுக்கு விளங்கவில்லை. செத்துவிடாதே, செத்துவிடாதே என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே கையை எடுக்காமல் நின்றாள்.

மொரேயா ஜன்னல் பக்கம் கழுத்தை நீட்டினார்.

"டேய்! ஸ்கோர் என்னடா?"

சத்தம் சட்டென்று நின்றது. ஒரு மூச்சு விடுகிற நேரம். பிறகு வரிசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, சின்னது பெரியது எல்லாமாக, கடல் நடுங்க ஒரே குரலில் அவருக்கு ஸ்கோரைச் சொன்னார்கள். அவர் சிரித்தார். ஹேனாவோ அவர் தோளில் முகத்தை வைத்து வாய்விட்டு அழுதாள். வெளியே இருந்த கூச்சலில் அவள் குரல் அவருக்கே கேட்கவில்லை.