துண்டுக்குள் விலைபோன சீமைக் கார்

அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரில் இரண்டு பேர்தான் உட்காரலாம். சீமைக்குத் திரும்பிய ஏற்காட்டு எஸ்டேட்காரர் ஒருவர், இஞ்சின் வெடித்துப்போன அதைச் சேலத்தில் என் பட்டறையில் விட்டுப் போனார். நான் பழைய ஜீப் இஞ்சின் ஒன்றைப் பொருத்திச் சில வருடம் ஓட்டினேன். மூன்றாவது குழந்தை பிறந்ததும் விற்க முடிவு செய்தேன்.

வாங்க வந்தவர் மோகனூர்க் கரும்பு விவசாயி. காரை இரண்டு முறை சுற்றிவந்து, காளையைத் தட்டுவதுபோல் அதன் முதுகைத் தட்டினார். பிறகு மாட்டுச்சந்தை வழக்கப்படி தோள்துண்டை விரித்து, அதனடியில் கையை நீட்டினார். பேசக் கூச்சப்படும் எனக்கு அது பெரிய வசதி. அவர் விரல்களைப் பிடித்தே விலையைச் சொன்னேன். இரண்டாம் தடவையில் படிந்தது.

விலையை விரலில் சொல்லலாம். இஞ்சின் மாற்றியதை எந்த விரலில் சொல்வது? சொன்னால் போய்விடுவாரே என்று, பிடித்த கையை விடாமல் நின்றேன்.

"ஏனுங்க, இன்னொரு விரல் வேணுமுங்களா?" என்று சிரித்தார்.

"இல்லீங்க... உள்ள இருக்கறது ஜீப்பு இஞ்சினுங்க."

பானெட்டைத் திறந்து காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார்.

"அட, இத மொதல்லயே சொல்றதில்லீங்களா? சீமை இஞ்சின் கெட்டா சாமானுக்குக் கப்பலப் பாத்து நிக்கோணும்னு ஊட்டுல காலையிலிருந்து திட்டு. இது நம்மூரு எருமையாட்டம், எதப் போட்டாலும் திங்கும். ஏறுங்க, உங்கள ஊட்டுல உட்டுப்போட்டுப் போறேன்."

அவர் ஓட்ட, அன்றுதான் அந்தக் காரின் இடப்பக்கத்தில் முதல்முறை உட்கார்ந்தேன். வீடு வரும்வரை அவரிடம் நான்தான் பேசிக்கொண்டே வந்தேன்.