வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

பூட்டுக்காரர் விமானம் ஏறியது வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை. பதினோரு நாள், இரண்டு நாடுகள். அங்கே என்ன பார்த்தீர்கள் என்று யார் கேட்டாலும் கதவுகளைப் பற்றித்தான் சொல்வார்.

"பூட்டைப் பார்க்கவா ப்ளேன் ஏறிப் போனீங்க? நம்ம கடையிலயே தொங்குதே" என்றார் மனைவி.

கடை ஆறடி அகலம். ஒரு பக்கம் ஜெராக்ஸ் கடை, மறுபக்கம் மருந்துக்கடை. உள்ளே சாவி வெட்டும் இயந்திரம், ஓர் இடுக்கி, அரங்கள், ஆணிகளில் கொத்துக் கொத்தாக வெட்டாத சாவிகள். முப்பத்தாறு வருடமாகத் தெருவில் யார் சாவியைத் தொலைத்தாலும் அவரிடம்தான் வருகிறார்கள்.

இரண்டு பெண்கள். மூத்தவள் கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கிறாள். சின்னவளுக்கு டவுன் சிண்ட்ரோம். பிறந்த அன்று மருத்துவர் அவரைத் தனியாக அழைத்து, "பத்து வயசைத் தாண்டாது. ரொம்பப் பாசம் வெச்சுடாதீங்க" என்றார். சின்னவளுக்கு இப்போது இருபத்தெட்டு. அந்த மருத்துவர் போய்ச் சேர்ந்து பன்னிரண்டு வருடமாகிறது.

சின்னவள், டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கான சங்கத்தின் பயிற்சி மையத்தில் மருந்துக்கடைக் கவர் ஒட்டுகிறாள். பக்கத்து நாற்காலியில் தடித்த கண்ணாடி போட்ட தோழி. இவள் அவளைக் 'கண்ணாடி' என்பாள். எல்லோரையும் வேலை வாங்குவதால் அவள் இவளை 'மேனேஜர்' என்பாள். சங்கம் விடுதி கட்டப் போகிறது என்று தெரிந்த அன்றே இருவரும் ஒரே அறை என்று முடிவு செய்துவிட்டார்கள். ஜன்னலோரக் கட்டில் யாருக்கு என்பதில் மட்டும் தகராறு.

சங்கத் தலைவர் துணி மொத்த வியாபாரி. நல்லவர். அதில்தான் தொல்லை. மையத்தில் இருப்பவர்களை 'நம்ம குழந்தைங்க' என்பார். குழந்தைகளில் ஒருவருக்குப் பாதித் தலை நரைத்துவிட்டது.

விடுதிக்குப் பணம் கொடுக்கும் அறக்கட்டளை, டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்கள் மற்ற நாடுகளில் எப்படி வாழ்கிறார்கள் என்று முதலில் பார்த்து வரச் சொன்னது. ஐந்து பேர் குழு. தலைவர், அவர் மனைவி, செயலாளர், மனநல ஆலோசகர். சாதாரணக் குடும்பத்துப் பெற்றோர் ஒருவர் இருந்தாக வேண்டும் என்று விதி இருந்ததால் பூட்டுக்காரர். டவுன் சிண்ட்ரோம் உள்ள ஒருவரைச் சேர்க்க வேண்டும் என்று விதி இல்லை, அது யாருக்கும் தோன்றவுமில்லை.

சின்னவளுக்குத் தோன்றியது. "நான் எத்தனை சட்டை எடுத்துக்கணும்?"

"நீ வரலைம்மா. அப்பா மட்டும்தான்."

"எதைப் பார்க்கப் போறீங்க?"

"உன்னை மாதிரி இருக்கறவங்க அங்கே எப்படி இருக்காங்கன்னு."

"அதை நான் பார்க்கக் கூடாதா?"

பெட்டி மூடவில்லை. மேலே ஏறி உட்காரச் சொன்னார். அவள் உட்கார்ந்தாள். அவர் பூட்டினார்.

முதல் நாட்டில் ஒரு பெரிய வளாகம். வெட்டிச் சீராக்கிய புல், வெள்ளைக் கட்டடங்கள், அறுபது பேர். வந்தவர்களுக்காக எல்லோரும் ஒரே நிறச் சட்டையில் நின்று பாடினார்கள். தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது. மற்றவர்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது பூட்டுக்காரர் படுக்கையறைக் கதவு ஒன்றில் கை வைத்தார். நல்ல மரம். தோள் உயரத்தில் வெளிப்பக்கம் ஒரு தாழ்ப்பாள். உள்பக்கம் மொழுமொழுவென்று பலகை. பக்கத்துக் கதவும் அப்படியே. அதற்கடுத்ததும்.

மொழிபெயர்ப்பாளரைக் கூட்டிவந்து கேட்டார். பாதுகாப்புக்காக என்று பதில் வந்தது.

"தீப்பிடிச்சா?"

ஊழியர்கள் இருக்கிறார்கள்.

"ராத்திரி எத்தனை பேர்?"

இரண்டு பேர்.

தலைவர் அவர் முழங்கையைப் பிடித்தார். "விருந்தாளியா வந்த இடத்துல நோண்டாதீங்க."

இரண்டாம் நாட்டில் ஓர் அடுக்குமாடியின் மூன்றாம் மாடி. லிப்ட் ஓடவில்லை. நாற்பது வயதுக்காரர் ஒருவர் அவர்களை அழைத்துப் போனார். அவருக்கும் டவுன் சிண்ட்ரோம். நண்பர் ஒருவருடன் அங்கே குடியிருக்கிறார். கழுத்துக் கயிற்றில் இருந்த சாவியை எடுத்துத் துவாரத்தில் நுழைத்தார். தலைகீழ். திருப்பினார், மறுபடியும் நழுவியது. உதவிக்கு வரும் பெண் கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நின்றாள். பூட்டுக்காரரின் கை தானாக முன்னே போனது. அந்த மனிதர் அதைத் தட்டிவிட்டார். மூன்றாம் தடவை கதவு திறந்தது.

உள்ளே கழுவாத தட்டுகள், அடிப்பிடித்த வாணலி. "சுத்தமே இல்லையே" என்று தலைவரின் மனைவி முணுமுணுத்தார். பூட்டுக்காரர் சாவியைத்தான் விசாரித்தார். அது பன்னிரண்டாவது சாவியாம். பதினொன்றைத் தொலைத்திருக்கிறார். ஒவ்வொரு தடவையும் வேறு வெட்டிக் கொடுத்தார்களாம், அவ்வளவுதான்.

அந்த மனிதர் அவரிடம் மொழிபெயர்ப்பாளர் வழியாகக் கேட்டார். "உங்க பொண்ணு எங்கே?"

"வீட்டுல."

"வேலைக்குப் போறாளா?"

"போறா."

"அவகிட்ட வீட்டுச் சாவி இருக்கா?"

"இருக்கு" என்றார் பூட்டுக்காரர்.

ஊருக்கெல்லாம் சாவி வெட்டுகிறவர். அந்தப் பொய்யை யாரும் கேட்டு வாங்கவில்லை. பதினாறு மணி நேரம் பறந்து திரும்பியபோது அவர் கண்ணை மூடவே இல்லை.

ஊர் சேர்ந்த மறுநாள் கடை திறந்ததும் முதல் வேலையாக அந்தச் சாவியை வெட்டினார். வீட்டில் இரண்டு நாள் சண்டை. "தொலைச்சிடுவா, திருடன் எடுத்துக்கிட்டு வருவான்" என்றார் மனைவி. சின்னவள் தொலைக்கவில்லை. மையத்திலிருந்து வந்து தானே திறந்து, உள்தாழ்ப்பாளும் போட்டுக்கொண்டு தூங்கிவிட்டாள். அம்மா ஒரு மணி நேரம் படியில் உட்கார்ந்திருந்தார்.

குழுவின் அறிக்கை நாற்பது பக்கம். அட்டையில் பாட்டுப் பாடும் படம். மூன்றாம் மாடி வீட்டுக்கு ஒரு பத்தி: 'நம் பண்பாட்டுக்குப் பொருந்தாது.' தாழ்ப்பாளுக்குப் பண்பாடு தடையாக இல்லை. கடல் கடந்து வந்து புது விடுதியின் பன்னிரண்டு அறைகளிலும் சிக்கலில்லாமல் பொருந்தியது. சாவி வந்தபோதுதான் பண்பாடு குறுக்கே படுத்துக்கொண்டது.

தாழ்ப்பாள் வேலையைப் பூட்டுக்காரருக்கே கொடுத்தார்கள், நம்மவர் என்று. அவர் மாட்டமாட்டேன் என்றார்.

"உங்க பொண்ணுக்கு இடம் ஒதுக்கியிருக்கோம். பார்த்துப் பேசுங்க" என்றார் தலைவர்.

"அதைப் பார்த்துத்தான் பேசறேன்."

வேறு ஆள் வந்து மாட்டினான்.

குடும்பங்களுக்கு அறை காட்டிய நாளில் சின்னவளும் கண்ணாடியும் ஏழாம் அறைக்குப் போனார்கள். கட்டிலில் உட்கார்ந்து பார்த்தார்கள். தலைவர் ஜன்னலைத் திறந்து காற்றோட்டத்தைக் காட்டினார். சின்னவள் கதவைப் பார்த்தாள்.

"இதை உள்ளேர்ந்து எப்படித் திறக்கறது?"

"நீ திறக்க வேண்டாம்டா கண்ணு. ஒரு அக்கா வந்து திறப்பாங்க."

"எப்போ?"

"காலையில."

"அதுக்கு முன்னாடி நான் வரணும்னா?"

"கூப்பிடு. யாராவது வருவாங்கம்மா."

அவள் யோசித்தாள். "சரி" என்றாள். கண்ணாடியின் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்து, கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைத் தள்ளினாள். தலைவர் உள்ளே.

முதலில் சிரிப்புச் சத்தம் கேட்டது. பிறகு தட்டினார். பிறகு அடித்தார். செயலாளர் ஓடிவந்தார். சின்னவள் தாழ்ப்பாளில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டு கதவிடம் சொன்னாள். "கூப்பிடுங்க. யாராவது வருவாங்க."

தலைவரின் மனைவிக்கு மூச்சு வாங்கியது. "பூட்டுக்காரரே, வேடிக்கை பார்க்கறீங்களே. திறங்க."

"பூட்டே இல்லீங்களே அது. தாழ்ப்பாள்தான். சின்னக் குழந்தைகூடத் திறக்கும், வெளியே இருந்தா."

நான்கு நிமிடம். கதவு திறந்தபோது தலைவரின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. யாரையும் பார்க்காமல் காரில் ஏறினார்.

மூன்றாம் நாள் கடிதம் வந்தது. நடத்தைக் கோளாறு, மற்றவர்களின் பாதுகாப்பைக் கருதி இடம் தர இயலாது. கதவை அடித்ததும் கத்தியதும் தலைவர். அது நடத்தைக் கோளாறு என்று எங்கும் எழுதப்படவில்லை.

சாவி வேண்டாம் என்று சண்டை போட்ட மனைவிதான் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். "நாலு நிமிஷம் தாங்கலை அவருக்கு. இவளை ஆயுசுக்கும் இருக்கச் சொன்னாரு."

கண்ணாடியின் அம்மா கடைக்கு வந்தார். தனியாள், நெஞ்சில் அறுவை செய்துகொண்டவர். "எனக்கப்புறம் அவளுக்கு யாரு இருக்கா, சொல்லுங்கண்ணே. தாழ்ப்பாள் இருந்தா இருந்துட்டுப் போகட்டும்."

பூட்டுக்காரர் ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

கண்ணாடி விடுதிக்குப் போய்விட்டாள். விடுதிக்காரர்கள் அங்கேயே கவர் ஒட்டுகிறார்கள், மையத்துக்கு வருவதில்லை. இனி ஞாயிற்றுக்கிழமை நான்கிலிருந்து ஐந்து வரைதான் பார்க்கலாம்.

மூன்றாவது ஞாயிறு சின்னவள் அப்பாவுடன் போனாள். காவலுக்கு இருந்த பெண் ஏழாம் அறையைத் திறந்துவிட்டாள். தோழிகள் இருவரும் ஜன்னலோரக் கட்டிலில் உட்கார்ந்து பேசினார்கள். இன்னொரு கட்டிலில் ஒரு வயதான பெண் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"மேனேஜர், நீ எப்ப வர்றே?" என்று கண்ணாடி கேட்டாள்.

சின்னவள் அப்பாவைப் பார்த்தாள். ஐந்து மணி அடித்தது. வெளியே வந்தார்கள். பின்னால் தாழ்ப்பாள் விழுந்தது.

பூட்டுக்காரர் திரும்பிப் போய் அதைத் திறந்தார். காவல்காரப் பெண் சாத்தினாள். அவர் மறுபடியும் திறந்தார்.

"ஐயா, என் பொழப்புக்கு உலை வைக்காதீங்க."

"உங்க மேல கோபமில்லைம்மா. இது திறந்திருக்கட்டும்."

"தலைவருக்கு போன் பண்ண வேண்டியிருக்கும்."

"பண்ணுங்க. நான் எழுந்து போகலைன்னு சொல்லுங்க."

கதவு சாத்த முடியாதபடி வாசலில் குறுக்கே உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார். சின்னவள் அவர் காலைத் தாண்டி உள்ளே போனாள்.