முகத்தைக் கடைசியில் காட்டும் ரெத்தினதாஸ்

கேரள எல்லையோரத்துக் கொல்லயில் பஞ்சாயத்தில் ஒரு சாவு விழுந்தால் முதலில் போதகருக்குச் சொல்வார்கள், அடுத்து ரெத்தினதாஸுக்கு. பிள்ளைகளில் பாதிப்பேர் வளைகுடாவில் கிடக்கிற ஊர் இது. அடக்கத்தை யூடியூபில் நேரலையாக விடாவிட்டால் அது அடக்கமே இல்லை. இருபது வருடம் கல்யாண வீடியோ எடுத்த ரெத்தினதாஸ் கொரோனா காலத்தில் இந்தப் பக்கம் வந்தவர், அப்படியே தங்கிவிட்டார். கல்யாணம் என்றால் மாப்பிள்ளை வீட்டார் ஆயிரம் குறை சொல்வார்கள். இங்கே நாயகன் வாயே திறப்பதில்லை என்பார்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, 'எட்டாம் தோள்' வரும்வரை.

அது ஒரு சூப்பர் ஹீரோ படம். இயக்கியவர் தொம்மிக்குஞ்சு. நாயகன் மூட்டை தூக்கும் சுமட்டுத் தொழிலாளி. லாரியையே தோளில் தூக்குவான். ஆனால் யாராவது அவன் முகத்தைப் பார்த்துவிட்டால் தேங்காய் மூட்டைகூட நகராது. ரெத்தினதாஸ் அதை நெய்யாற்றின்கரையில் மலையாளத்தில் நான்கு முறையும் மார்த்தாண்டத்தில் தமிழில் மூன்று முறையும் பார்த்தார். தமிழில் லாரியின் கனம் கொஞ்சம் குறைந்துவிட்டது என்பது அவருடைய உறுதியான அபிப்பிராயம்.

படம் தொடங்கிப் பதினொரு நிமிஷம் செருப்பு மட்டும்தான். வார் அறுந்து ஊக்கு குத்திய செருப்பு. பிறகு முழங்கால், பிறகு லுங்கியின் மடிப்பு. முகம் வருவது எழுபத்தொன்றாம் நிமிஷத்தில். அதற்குள் தியேட்டரில் இரண்டு பேர் அழுதுவிட்டார்கள். அதில் ஒருவர் ரெத்தினதாஸ்.

"மத்த டைரக்டர்மாரு ஹீரோவ வானத்துல இருந்து எறக்குவாவ," என்று மனைவி ஜினிக்கு விளக்குவார். "தொம்மிக்குஞ்சு தரையில இருந்து ஏத்துவாரு. மொகம் வந்தாச்சுன்னா பிறவு என்னத்த பாக்க? அதாக்கும் டெக்னிக்."

ஜினி மீன் கழுவியபடியே சொல்வாள்: "உங்கள எனக்கு மொகத்தத்தான் முதல்ல காட்டினாவ. அதிலயாக்கும் நான் ஏமாந்தது."

ஒரு செவ்வாய்க்கிழமை எலியா இறந்துபோனார். கொத்தனார், எழுபத்திரண்டு வயது. மகன் டெனில் வீட்டோடு இருந்தான். மகள் லேகா குவைத்தில் நர்ஸ், லீவு கிடைக்கவில்லை. அடக்கத்தன்று காலையில் அவளே ரெத்தினதாஸைக் கூப்பிட்டாள்.

"அண்ணா, நம்ம நேரம் பதினோரு மணிக்கு எனக்கு அரைமணிக்கூர் பிரேக்கு உண்டு. அப்பாவுக்க மொகத்த ஒருக்கா காட்டித் தரணும். வேற ஒண்ணும் வேண்டாம்."

"நீ பாத்துக்க மக்கா. இதுவரை ஒருத்தனும் காட்டாத மாதிரி காட்டித் தாறேன்."

சொன்ன சொல் தவறவில்லை.

சரியாகப் பதினொன்றுக்கு, பந்தல் தார்ப்பாயின் ஓரத்தில் தொங்கிய ஒரு மழைத்துளியில் நேரலை தொடங்கியது. துளிக்கு நான்கு நிமிஷம். பிறகு முற்றத்தில் கிடந்த செருப்புகள், ஒவ்வொன்றாக. நேரலையில் ஸ்லோ மோஷனுக்கு வழியில்லை என்பதால் ரெத்தினதாஸே மெதுவாக நடந்தார். ஒரு காலைத் தூக்கி வைக்க அவர் எடுத்துக்கொண்ட நேரத்தைப் பார்த்து, வாதமோ என்று பயந்து யாரோ நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள்.

பதினொன்றாம் நிமிஷம் எலியாவின் பாதங்கள் வந்தன, வெள்ளைக் காலுறையோடு. கமெண்டுகள் கொட்டின. ஷார்ஜாவிலிருந்து ஒருவர் 'மொகம் காட்டு' என்றார். தோஹாவிலிருந்து மூன்று பேர் அதையே சொன்னார்கள். ரெத்தினதாஸுக்கு உடம்பு சிலிர்த்தது. தியேட்டரில் விசில் பறந்ததும் இதே இடத்தில்தான். இன்னும் மெதுவாக்கினார்.

வேட்டியின் கரை, சட்டைப் பொத்தான்கள், கோர்த்து வைத்த கைகள். கைகளில் காமிரா நின்றது. சிமெண்ட் அரித்த அந்த விரல்கள், உண்மையைச் சொன்னால், நல்ல ஷாட்தான். அந்த நேரம் பார்த்துக் கிழக்கே இருட்டிக்கொண்டு வந்தது. போதகர் செல்லசாமி வானத்தைப் பார்த்தார், கல்லறைத் தோட்டத்துக்குப் போகிற மண்பாதையை நினைத்தார், இரண்டு ஜெபத்தை ஒன்றாக்கினார். காமிரா தாடையை எட்டியபோது முகத்தின்மேல் வெள்ளைத் துணி விழுந்தது. துணியின்மேல் மூடி. மூடியின்மேல் திருகாணி நான்கு.

ரெத்தினதாஸ் அதையும் அழகாக எடுத்தார். இடைவேளை என்று மனசு சொல்லிற்று. இதற்குப் பின்பாதி கிடையாது என்பது, பெட்டி வாசலைத் தாண்டியபோதுதான் உறைத்தது.

டெனில் தன் போனை அவர் காதில் வைத்தான்.

"அண்ணா, தாடை வரைக்கும் கண்டேன்," என்றாள் லேகா. திட்டவில்லை. "இன்னும் எட்டு நிமிஷம் உண்டு."

நாலு அறை விட்டிருந்தால்கூட அவருக்கு அவ்வளவு வலித்திருக்காது. தொம்மிக்குஞ்சு காட்டாமல் விட்டால் அடுத்த ஆட்டத்துக்கு டிக்கெட் எடுக்கலாம். எலியாவுக்கு எந்தத் தியேட்டரில் போய் எடுப்பது? ரோட்டுக்கு ஓடி, பெட்டிக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றார்.

"எறக்குங்க. பெட்டிய எறக்கணும்."

"ரெத்தினதாஸு, இது சினிமா இல்லடே," என்றார் போதகர்.

"அதாக்கும் போதகரே நானும் சொல்லுதேன். மக மொகம் காணல்ல."

இரண்டு பந்தல் நாற்காலிகளைப் போட்டு, தார் ரோட்டிலேயே பெட்டியை இறக்கினார்கள். மூடியைக் கழற்றக் கையில் ஒன்றும் இல்லை. பின்னால் வந்து நின்ற, பனச்சமூடு போகிற பஸ்ஸின் டிரைவர் ஸ்க்ரூடிரைவரோடு இறங்கிவந்து, யார் என்ன என்று கேட்காமலே நான்கையும் கழற்றித் தந்தார். தூறல் விழுந்தது; பயணிகள் இறங்கிக் குடை பிடித்தார்கள். "ஷூட்டிங் ஆணோ?" என்று மலையாளத்தில் ஒருவர் விசாரித்தார்.

ரெத்தினதாஸ் நேரலை ஓடிக்கொண்டிருந்த தன் போனைத் தாங்கியிலிருந்து பிடுங்கி வெறுங்கையில் பிடித்தார். படம் ஆடியது. துணி விலகியது. முகம் வந்தது, எடுத்த எடுப்பிலேயே, முழுசாக.

"அப்பா ஷேவ் செய்யல்லியே," என்றாள் லேகா, டெனிலின் போன் ஸ்பீக்கரில்.

ரெத்தினதாஸ் கோணம் மாற்றவில்லை. அவள் போதும் என்று சொல்லட்டும் என்று நின்றார். அவள் சொல்லவில்லை. ஒரு நிமிஷம், மூன்று, ஐந்து. தூறல் மழையாயிற்று.

கடைசியில் போனுக்குள் யாரோ அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது.

"டியூட்டிக்கு விளிக்கியாவ அண்ணா. மூடிக்கோங்க."

டெனில்தான் மூடியை எடுத்து வைத்தான். ரெத்தினதாஸுக்குக் கை வரவில்லை.