கொறற்றி மாமியின் கறுப்புத் துவக்கு

கொறற்றி மாமி துவக்குச் சுடும் சங்கத்தில் சேர்ந்தது தவறுதலாகத்தான். அகதியாக ஜேர்மனியின் வுப்பர்டாலுக்கு வந்த புதிதில், செபஸ்தியார் சுரூபத்தைச் சுமந்தபடி சிலர் சீருடையில் ஊர்வலம் போவதைக் கண்டாள். அவளுடைய ஊரான மன்னாரில் பேராலயமே செபஸ்தியாருக்குத்தான். ஏதோ பங்குச் சபை என்று நினைத்துப் பின்னாலேயே போய்ப் பெயர் கொடுத்துவிட்டாள். அடுத்த வெள்ளிக்கிழமை செபமாலையோடு போனவளின் கையில் காற்றுத் துவக்கைக் கொடுத்தார்கள். அந்த ஊர்ச் சுடும் சங்கங்களுக்கும் அவர்தான் பாதுகாவலராம்.

"செபஸ்தியார் அம்பு வாங்கின ஆளப்பா, விட்ட ஆளில்லை" என்று அவள் கணவர் பேனாட் மாமா இன்றைக்கும் நக்கலடிப்பார்.

ஆனால் மாமி அங்கேயே நிலைத்துவிட்டாள். முதியோர் இல்லத்துச் சலவை அறையில் நாள் முழுக்க இயந்திரங்களின் இரைச்சல்; குறி பார்க்கும்போது மட்டும் தலைக்குள் சத்தம் நிற்கிறது என்பாள். பரீட்சை எழுதினாள், அனுமதி எடுத்தாள், வீட்டில் இரும்புப் பெட்டி வைத்தாள், சங்கத்தின் அணியில் ஒரே பெண்ணாக இடம் பிடித்தாள். அவளுடையது சிறு குண்டுத் துவக்கு. விசையை இழுத்தால் ஒரு குண்டு போகும். அடுத்தது தானாக ஏறும். நிறம் கறுப்பு; பார்த்தால் போர்த் துவக்குப் போல இருக்கும்.

வினையே அந்தத் தோற்றத்தால்தான் வந்தது. தானாகக் குண்டு ஏறும் துவக்குகளில், போர்த் துவக்கைப் போலத் தோன்றுபவற்றைப் பொதுமக்கள் வைத்திருக்கக் கூடாது என்று பேர்லினில் ஒரு சட்ட வரைவு எழுதினார்கள். அதே வேலையைச் செய்யும் மரப்பிடித் துவக்குக்குத் தடையில்லை. ஒன்று என்ன செய்யும் என்று பாராமல் எப்படித் தெரிகிறது என்று பார்த்துச் சட்டம் எழுதுபவர்களை என்ன சொல்வது? இன்னொன்று வாங்க வசதியில்லை; துவக்குப் போனால் அணியில் அவளுடைய இடமும் போகும்.

வீட்டிலேயே எதிர்ப்பு இருந்தது. ஹனோவரில் படிக்கும் மகன் லக்ஸன் தடைக்கு ஆதரவாகக் கையெழுத்துப் போட்டிருந்தான்.

"மாமாவைத் துவக்காலை தானேம்மா சுட்டவங்கள்?" என்றான், ஊரில் கொல்லப்பட்ட மாமியின் கூடப்பிறந்தவரை நினைத்து.

"ஓம். சுட்டவன் ஆரும் அனுமதி கேட்டு Antrag எழுதிக் குடுத்துட்டே சுட்டவன்?" என்றாள் மாமி. 

ஒரு நாடாளுமன்ற உறுப்பினர் சங்க மண்டபத்துக்கு வருவதாக ஏற்பாடானது. சங்கத் தலைவர் மாமியைப் பேசச் சொன்னார். போரிலிருந்து ஓடிவந்த பெண்ணே தடை வேண்டாம் என்றால் எவர் மறுத்துப் பேசுவார் என்பது அவர் கணக்கு. நான் இரண்டு வருடம் நாடு நாடாகத் திரிந்துவிட்டு மாமி வீட்டுக்கு வந்திருந்த வாரம் அது. நானும் கூடப் போனேன்.

தலைவர்தான் முதலில் பேசினார். நேர்மையான எங்களை விடுங்கள், வெளிநாட்டுக்காரரின் வீடுகளைச் சோதியுங்கள், ஆபத்து அங்கேதான் இருக்கிறது என்றார். மண்டபம் கைதட்டியது. அடுத்ததாகப் பேச வேண்டிய வெளிநாட்டுக்காரி முன்வரிசையில் இருந்தாள். அது அங்கே எவருக்கும் உறைக்கவில்லை. எழுந்து வெளியே போவோம் என்று அவள் கையைப் பிடித்தேன். உதறிவிட்டு மேடைக்குப் போனாள்.

டொச் மொழியில், மெதுவாகப் பேசினாள்: "இந்தச் சட்டம் பிழை. தோற்றத்தைப் பார்த்து ஒரு துவக்கைக் குற்றவாளியாக்குகிறீர்கள். தலைவர் சொன்னதும் பிழை. தோற்றத்தைப் பார்த்து ஆட்களைக் குற்றவாளியாக்குகிறார். ரயிலில் பொலிஸ் என் மகனை மட்டும் எழுப்பி அடையாள அட்டை கேட்கிறது. எனக்கு இரண்டு கோபமும் ஒன்றுதான்."

ஒருவரும் கைதட்டவில்லை. நாடாளுமன்ற உறுப்பினர் மட்டும் தலையாட்டிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார்.

மறுநாள் தலைவர் தொலைபேசியில் அழைத்தார். பேச்சின் முதல் பாதி அருமை, அதை மட்டும் உள்ளூர்ப் பத்திரிகைக்குக் கொடுக்கலாமா என்று கேட்டார். முழுவதையும் போடுவதானால் போடுங்கள், இல்லாவிட்டால் ஒன்றும் வேண்டாம் என்று மாமி வைத்துவிட்டாள்.

"அவருக்குத் துவக்குக்கு மட்டும் நியாயம் வேணுமாம்" என்றாள் என்னிடம்.

பத்திரிகையில் ஒன்றும் வரவில்லை. சங்கத்தை விட்டு விலகச் சொல்லி நான் எவ்வளவோ சண்டை பிடித்தேன். தன் இடத்தைத் தானே காலி செய்து கொடுக்க ஏலாது என்றாள். வெள்ளிக்கிழமை போய்த் தலைவருக்குப் பக்கத்துத் தடத்திலேயே நின்று, குண்டு தீரும்வரை சுட்டாள்.