கட்டி முடித்த பிறகு எடுத்த படம்

டப்ளினில் நான் வேலை பார்க்கும் வார்டில் நோயாளிகள் முதலில் பார்ப்பது என் முகத்தை அல்ல, இடது கை மோதிர விரலை. ரத்த அழுத்தம் பார்க்கக் கையை நீட்டினால் அவர்கள் கண் அந்த விரலுக்குப் போய்விட்டுத் திரும்பும். மோதிரம் இருக்காது. "உனக்கு பாய் ஃபிரண்ட் இருக்கிறானா, லவ்?" என்று ஒரு முதியவர் கேட்டார். கல்யாணமாகி ஏழு மாதம் ஆகிறது என்றேன். அவர் நம்பவில்லை. என் தாலி சீருடைக்குள் கிடக்கிறது. வார்டில் கழுத்தில் எதுவும் தொங்கக் கூடாது என்பது விதி. நான் கேட்டுக்கொண்டதால், உள்ளே ஊக்கு குத்தி மறைத்துக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறார்கள். காலையில் உடை மாற்றும் அறையில் மஞ்சள் கயிற்றை உள்ளே தள்ளும்போது எனக்கு வருத்தமோ கோபமோ வருவதில்லை. பல் விளக்குவதைப் போல ஒரு வேலை. அவ்வளவுதான்.

குமரேசனைச் சந்தித்ததும் இதே மருத்துவமனையில்தான். மணிக்கட்டு முறிந்து வந்திருந்தார். நான் தமிழ் என்று தெரிந்ததும் முகம் மலர்ந்தது. "எந்த ஊருங்க?" என்றார். "கீழ்வேளூர் பக்கம்." "அட, நமக்குப் பேராவூரணி. கீழ்வேளூர்ல யாரு வீடு?" கடல் தாண்டி வந்தாலும் இந்தக் கேள்வி கூடவே வந்துவிடுகிறது, வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. "வீடு சொன்னா தெரியாதுங்க. உங்களுக்குத் தெரிஞ்ச வீட்டு வயல்ல எல்லாம் நடவு நட்டவங்க நாங்க," என்றேன். மாவுக்கட்டுப் போட்ட கையை மடியில் இறக்கி வைத்தார். பிறகு, "தப்பா கேட்டுட்டேங்க," என்றார். அந்தக் கேள்வியைத் தப்பு என்று என்னிடம் சொன்ன முதல் ஆள் அவர்தான்.

அவர் வீட்டில் தென்னந்தோப்பு இருக்கிறது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கல்யாணம் என்றதும் அவருடைய அப்பா போனை வைத்துவிட்டார்; அதன்பிறகு எடுக்கவேயில்லை. என் அப்பா அம்மாவுக்கு விசா கிடைக்கவில்லை. ஊருக்கே போய்க் கட்டிக்கொண்டால் என்ன நடக்கும் என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. சொல்லித் தெரிய வேண்டியதும் இல்லை. அம்மா போனில் கேட்டது ஒன்றுதான். "தாலி கட்டுறப்ப ஒரு போட்டா எடுத்து அனுப்புடி. அவன் சும்மா சேத்து வச்சிருக்கான், கட்டலகிட்டலன்னு இப்பவே பேசுறாளுவ. படத்தப் பாத்தா வாய மூடிக்குவாளுவ." பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்ட சான்றிதழ் இருக்கிறதே என்றேன். "இங்கிலீசு காயிதத்த இந்தத் தெருவுல யாருடி படிப்பா?" என்றாள்.

அம்மா படம் கேட்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அவளுடைய கல்யாணம் ஐயர் இல்லாத கல்யாணம். கட்சிக்கொடி கட்டிய பள்ளிக்கூட மைதானத்தில், வெளியூரிலிருந்து வந்த தலைவர் ஒருவர் முன்னிலையில் நடந்தது. அந்த வருஷம் அறுவடைக் கூலியைக் கூட்டிக் கேட்டதில் தகராறு. மிராசுதார் போலீஸ் காவலோடு அசலூர் ஆட்களை இறக்கிக் கதிர் அறுத்தார். மறித்தவர்களில் அப்பாவும் ஒருவர். சிறையிலிருந்து அவர் வெளியே வந்த பதினைந்தாம் நாள் கல்யாணம். அதனால் தலைவருக்குப் பேச நிறைய இருந்தது. திருவாரூர் ஸ்டுடியோக்காரர் கொடுத்தது ஒரே ஒரு படம். நடுவில் மைக், அதன் பின்னால் கையை உயர்த்திய தலைவர். இடது ஓரத்தில் அப்பாவின் பாதி முகம். அதற்கும் அந்தண்டை ஒரு முழங்கையும் மாலை நுனியும். அந்த முழங்கைதான் அம்மா. "கல்யாணம் தலைவருக்குத்தான், நாங்க சாட்சி," என்று அப்பா வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பார். அம்மா சிரிக்க மாட்டாள். பின்னாளில் குடியிருந்த மனைக்கு அரசாங்கம் பட்டா கொடுத்து, அதில் செங்கல் சுவர் எழும்பியபோது முதலில் ஆணி அடித்து மாட்டியது அந்தப் படத்தைத்தான்.

எங்கோ ஒரு மூலையில் கட்டிக்கொண்டார்கள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகவே நகரத்தின் நடுவில் இருந்த இருநூறு வயதான ஹோட்டலைப் பிடித்தேன். பன்னிரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய நூலக அறை. வார்டின் தலைமை நர்ஸ் மொரீன்தான் கூட வந்தாள். மேலாளர் பெருமையாகச் சுற்றிக் காட்டினார். அந்தக் காலத்தில் கிராமங்களில் நிலம் வைத்திருந்த பிரபுக்கள் குத்தகை வசூலித்துக்கொண்டு நகரத்துக்கு வந்தால் இங்கேதான் தங்குவார்களாம். "எங்கள் ஊர் நிலக்காரர்களும் தஞ்சாவூருக்கு வந்தால் இப்படித்தான்," என்றேன். அவர் முகம் பிரகாசமானது. "அப்படியென்றால் உங்களுக்கு இங்கே சொந்த வீட்டில் இருப்பது போலிருக்கும்!" நான் திருத்தவில்லை. மொரீன் என் காதருகே குனிந்து, "குத்தகை கட்டிய எங்கள் ஆட்கள் பின்வாசல் வழியாக முட்டை கொண்டுவந்து கொடுப்பார்கள்," என்றாள்.

புகைப்படக்காரர் டெஸ்மண்ட் வயதானவர். பன்னிரண்டு படத்துக்கு ஒரு முறை பிலிம் சுருள் மாற்ற வேண்டிய பெரிய கேமரா வைத்திருந்தார். இவர் என் கழுத்தில் ஒரு கயிறு கட்டுவார், அதுதான் முக்கியம் என்று முதல் நாளே சொல்லியிருந்தோம். தலையாட்டினார். ஆனால் முத்தத்துக்காகத்தான் அவர் காத்திருந்தார் என்று நினைக்கிறேன். அம்மா கொடுத்தனுப்பிய கயிற்றைக் குமரேசன் எடுத்தார். மேளம் இல்லை, கணப்பில் விறகு வெடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. இரண்டாவது, மூன்றாவது முடிச்சைப் போட நாத்தனார் வேண்டும். அவருடைய தங்கை பேராவூரணியில் இருந்தாள். மூன்றையும் அவரே போட்டார். பின்கழுத்தில் அவர் விரல் சில்லென்று இருந்தது. அதைத் தவிர எனக்கு எதுவும் தோன்றவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். டெஸ்மண்ட் ஜன்னல் ஓரத்தில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுருள் மாற்றிக்கொண்டிருந்தார். மாற்றிவிட்டுத் திரும்பி, "நான் தயார். எப்போது ஆரம்பிக்கிறீர்கள்?" என்றார்.

முடிந்துவிட்டது என்று சொன்னோம். "அதனாலென்ன, இன்னொரு தடவை செய்யலாமே," என்று சிரித்தபடி, உதவி செய்பவரைப் போல என் பின்கழுத்து முடிச்சை நோக்கிக் கையை நீட்டினார். நான் இரண்டடி பின்னால் போனேன்.

"அவுத்துட்டு மறுபடி கட்டச் சொல்றாரு," என்றார் குமரேசன்.

"அதெல்லாம் ஆகாது."

"அப்ப சும்மா கைய மட்டும் வச்சு நிக்கவா?"

"நில்லுங்க."

வாழ்க்கையிலேயே சந்தோஷமான நாள், நன்றாகச் சிரியுங்கள் என்றார் டெஸ்மண்ட். சிரித்தோம்.

படம் ஊருக்குப் போய்ச் சேர மூன்று வாரமாயிற்று. அம்மாவின் குரலில் உற்சாகம் இருந்தது. "மொகம் முழுசா விழுந்திருக்குடி. அடுத்த வீட்டு ராஜம் பாத்துட்டு, என்னக்கா சினிமா மாதிரி இருக்குன்னா. ஆமாடி, ஒங்க வீட்டுல நடந்தா கல்யாணம், எங்க வீட்டுல நடந்தா சினிமாவான்னு கேட்டேன்ல." பிறகு படத்தை மறுபடி கையில் எடுத்திருப்பாள் போல, குரல் தணிந்தது.

"ஏன்டி, தாலி முன்னாடியே நெஞ்சுல கெடக்கு. அவரு கையில கயிறே இல்ல. கட்டுறப்ப யாராச்சும் இப்படி நிமிந்து பாத்துச் சிரிப்பாங்களா?"

முப்பது வருஷமாகத் தான் இல்லாத ஒரு கல்யாணப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவள் அவள். ஒரு படத்தில் என்ன இல்லை என்பது அவளுக்குத் தெரியும். கட்டி முடித்த பிறகு எடுத்தது, படக்காரர் பிலிம் மாற்றிக்கொண்டிருந்தார் என்றேன்.

"ம்... நெசமாவே கட்டுனாராடி?"

"கட்டுனாரும்மா. மூணு முடிச்சும் அவரேதான்."

"சரி." கொஞ்சம் யோசித்தாள். "யாராச்சும் கேட்டா, அன்னிக்குப் போன்ல இருந்தேன், கெட்டிமேளம் காதுல விழுந்துச்சுன்னு சொல்லிக்கிறேன்."

"மேளமே இல்லம்மா."

"அது அவளுவளுக்கு எப்படிடி தெரியும்?"

முழங்கைப் படத்துக்குப் பக்கத்திலேயே என் படத்தை மாட்டியிருக்கிறாளாம். வருகிறவர்களிடம் மேளத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறாள். அப்பாவும் இப்போது அந்த மேளத்தைக் கேட்டதாகச் சொல்லத் தொடங்கிவிட்டார். மூன்றாம் மாதம் கயிற்றை மாற்றச் சொன்னாள். நான் மாற்றவில்லை. மாற்றினால் அன்றைக்கு அவர் போட்ட முடிச்சுகள் போய்விடும். கயிறு வெளுத்து, மருத்துவமனை சோப்பு வாசனை ஏறிக் கிடக்கிறது. காலையில் ஊக்கு குத்துவதற்கு முன் விரல் தானாகப் பின்கழுத்துக்குப் போகிறது. ஒன்று, இரண்டு, மூன்று. காலரை மேலே இழுத்துவிட்டுக்கொண்டு வார்டுக்குள் போகிறேன். முதல் கட்டிலில் இருப்பவர் என் விரலைப் பார்க்கிறார்.